ஒரே வெள்ளைத் துண்டு

திண்டுக்கல்
11.10.2020

அன்புத் தங்கச்சி அறிவுச்செல்விக்கு,

அக்கா பிரிஸ்கில்லா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அத்தானும் சுகம். உன் சுகத்துக்கும், அந்த மலையில் உன்னோடு ஆஸ்பத்திரி நடத்துகிற சகோதரிகள் எல்லாருடைய சுகத்துக்கும் தினமும் ஜெபமாலை சொல்கிறேன்.

போனில் பேசலாமே என்பாய். உங்கள் மடத்தில் டவர் கிடைப்பதே மாதத்துக்கு ஒரு நாள். கிடைத்தாலும் நான் கோபமாகப் பேச ஆரம்பித்தவுடன் "மணியடிச்சிருச்சுக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசி வரிவரை வாசித்துத்தானே ஆகவேண்டும். வாசி.

கோயிலைத் திறந்துவிட்டார்கள் என்று பேர். ஆனால் ஒரு பூசைக்கு ஐம்பது பேர்தான், அதுவும் டோக்கன் இருந்தால். நம் தெருக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்கு நான் தலைவி அல்லவா, டோக்கன் கொடுக்கிற வேலை என் தலையில். பத்துப் பேருக்குக் கொடுத்தால் மற்ற வீட்டுக்காரர்கள் என்னோடு பேசுவதில்லை. வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடிக்கிறார்கள். தீர்த்தத் தொட்டி காய்ந்து கிடக்கிறது, அதற்குள் சானிடைசர் பாட்டில். ஒரு பெஞ்ச் விட்டு ஒரு பெஞ்சில் கயிறு. பாட்டுக் கிடையாது. நற்கருணை நாக்கில் கிடையாது, கையை நீட்ட வேண்டுமாம். எதிர்வீட்டுச் செபாஸ்தியம்மாளுக்கு வயது அறுபத்தெட்டு என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தம்மா ரோட்டில் நின்று அழுதது. அதே ரோட்டில் டாஸ்மாக் வரிசை முக்குத் திரும்பி நிற்கிறது, வேடசந்தூர் மில் பஸ்ஸில் ஆள் தொங்குகிறார்கள், அதற்கெல்லாம் டோக்கன் இல்லை.

எல்லாம் புதுப் பங்குச்சாமியார் ஆல்வின் செய்கிற வேலை. முப்பத்து மூன்று வயது. கேட்டால் "அரசாங்க விதிம்மா" என்கிறார். "ஏன் சாமி, கலெக்டருக்கா நேர்ந்துக்கிட்டு குருப்பட்டம் வாங்குனீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

உன் அத்தான் சகாயராஜ் வாயே திறப்பதில்லை. முப்பது வருஷம் மில் சத்தத்தில் நின்று பேசுவதையே மறந்துவிட்ட மனுஷன். கோயில்பிள்ளை ஆனபிறகு மணியடிப்பது, திரி ஏற்றுவது என்று இருந்தார். இப்போது பூசைக்குப் பூசை பெஞ்சுக்கு மருந்தடிக்கிறார். இருமல் அப்படியேதான் இருக்கிறது. மில் இருமல்தான்.

உன் சுகத்துக்கு எழுது.

அக்கா
பிரிஸ்கில்லா

*

ஒடிசா
9.11.2020

கிறிஸ்துவில் அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நான் நலம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். கொஞ்சம் வேலை. கையெழுத்துக் கோணலாக இருந்தால் இங்கே குளிர் என்று வைத்துக்கொள்.

உன் கடிதத்தைக் கடைசி வரிவரை வாசித்தேன். கயிறு இருக்கட்டும், அவிழ்க்கச் சொல்லாதே. கோயில் ஜன்னல்களை எல்லாம் திறந்து வைக்கச் சொல். அத்தான் மருந்தடிக்கும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளட்டும். அவர் இருமலை வேடசந்தூர் டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

தீர்த்தத் தொட்டியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே எல்லாருக்காகவும் வேண்டிக்கொள்.

தங்கை
செல்வி

*

திண்டுக்கல்
18.2.2021

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். கிறிஸ்துமஸுக்கு நீ போட்ட இரண்டு வரிக் கார்டு வந்தது. அதில் எட்டு வார்த்தை. எண்ணிப் பார்த்தேன்.

நேற்றுச் சாம்பல் புதன். பிறந்ததிலிருந்து சாமியார் கட்டை விரலால் நெற்றியில் சிலுவை போட்டுத்தான் பார்த்திருக்கிறேன். நேற்று ஆல்வின் சாமியார் தள்ளி நின்று, வெஞ்சனத்துக்கு உப்புப் போடுவதுபோல உச்சந்தலையில் தூவிவிட்டுப் போனார். கேட்டால் ரோமிலிருந்து வந்த சுற்றறிக்கையாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் பூசை முடியுமுன் எழுந்து வந்துவிட்டேன். வெளியே வந்தால் தேர்தல் கூட்டத்துக்கு லாரி லாரியாக ஆள் போகிறது. ஒருவர் முகத்திலும் துணி இல்லை.

இதற்கு மேல் பொறுக்க முடியாது செல்வி. இந்தப் பெரிய வெள்ளிக்கு, எல்லாரும் வரிசையாக வந்து சிலுவையில் ஆண்டவர் காலை முத்தமிடுகிற முத்தி வேண்டும். போன வருஷம் கோயிலே பூட்டியிருந்தது. பூட்டின கதவைத் தொட்டு முத்தி செய்துவிட்டு, போலீஸ் வருமுன் ஓடி வந்தேன். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியும், வருஷம் பூராவும் சேர்கிற கோபத்தை அந்த மரச் சிலுவையில் ஆண்டவர் காலில் இறக்கி வைத்துவிட்டு வருகிறவள் நான். அன்றைக்கு ஒருநாள்தான் என் மனசு லேசாக இருக்கும். இப்போது இரண்டு வருஷத்துக் கோபம் கிடக்கிறது.

அதனால் மனு எழுதிவிட்டேன். முத்தி இல்லையென்றால் பக்கத்துத் தெருக்களையும் சேர்த்து எங்கள் மூன்று அன்பியமும் கோயில் பக்கம் வராது என்று. வீடு வீடாகப் போய் முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கியாயிற்று. உன் அத்தான்தான் போடவில்லை. "கோயில்பிள்ள போடக்கூடாதுத்தா" என்று சொல்லிவிட்டார்.

உன் சுகத்துக்கு நாலு வரியாவது எழுது.

அக்கா

*

ஒடிசா
8.3.2021

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் நலத்துக்கு மன்றாடுகிறேன்.

முத்தி வேண்டாம். இந்த வருஷம் குரு மட்டும் முத்தி செய்யட்டும், மற்றவர்கள் தலை வணங்கினால் போதும் என்றுதான் எல்லா மறைமாவட்டத்திலும் சொல்லியிருக்கிறார்கள். ஆல்வின் சாமியார் சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை.

நீ எதை யோசித்தாலும் இதையும் யோசி. முத்தி செய்கிற ஒவ்வொருவரும் முகக்கவசத்தை இறக்க வேண்டும். சிலுவைப் பக்கத்தில் துண்டோடு முட்டி போட்டுக் காலைத் துடைத்துக்கொண்டிருப்பது யார்? அத்தான். முந்நூறு பேர் அவர் முகத்துக்கு ஒரு முழத்தில் குனிவார்கள். அவர் நெஞ்சில் ஏற்கெனவே முப்பது வருஷப் பஞ்சு இருக்கிறது.

மனுவைத் திரும்ப வாங்கிக்கொள். உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

செல்வி

*

திண்டுக்கல்
5.4.2021

அன்புத் தங்கச்சிக்கு உயிர்ப்பு ஞாயிறு வாழ்த்துகள்.

நீ கோபித்துக்கொண்டாலும் சரி, சொல்லிவிடுகிறேன். முத்தி நடந்தது!

குருத்து ஞாயிறன்று மூன்று அன்பியத்துக்காரர்களும் சாமியார் வீட்டு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டோம். அவர் மூன்று தரம் வெளியே வந்தார், மூன்று தரம் உள்ளே போனார். நாலாந்தரம் "சரிம்மா, துடைச்சுத் துடைச்சு செய்யுங்க" என்றார். பெரிய வெள்ளியன்று சாயங்காலம் ஊரே வந்தது. செபாஸ்தியம்மாள் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஆளாளுக்கு அழுகை. என் முறை வந்தபோது இரண்டு வருஷத்துப் பாரத்தையும் இறக்கிவிட்டேன் செல்வி. உடம்பு அப்படியே மிதந்தது.

நீ பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. சுத்தமாகத்தான் செய்தோம். உன் அத்தான் முகக்கவசம் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரமும் முட்டியில் நின்று துடைத்தார். நான் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து வைத்திருந்த ஒரே வெள்ளைத் துண்டு, டெட்டால் தண்ணீரில் நனைத்தது. அவர் வேறு என்னவோ ஏற்பாடு செய்திருந்தார், அது பார்க்க நன்றாக இல்லை, வேண்டாம் என்றுவிட்டேன். ஆல்வின் சாமியார் முகம்தான் கடைசிவரை செத்துக் கிடந்தது. கிடக்கட்டும்.

நேற்றிலிருந்து அத்தானுக்கு இருமல் கொஞ்சம் கூடுதல். மெழுகுத்திரிப் புகைதான். நாளைக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்து கஷாயம் வைத்துக் கொடுக்கிறேன்.

மனம் குளிர்ந்த உன்
அக்கா

*

ஒடிசா
19.4.2021

அக்கா,

உன் கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது. முதல் பக்கத்தை விட்டுவிட்டேன். கடைசி மூன்று வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அத்தானை உடனே டெஸ்டுக்குக் கூட்டிப் போ. விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் மெடிக்கலில் கிடைக்கும், வாங்கு. தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் கஷாயம் வைத்துக்கொண்டு இருக்காதே. மில் இருமல் என்று சொல்லாதே.

கீழே டவுனுக்குப் போகிற ஜீப்பில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நானும் அங்கிருந்து போன் போடப் பார்க்கிறேன்.

செல்வி

*

ஒடிசா
12.5.2021

அக்கா,

எட்டு நாளாக உன் போனுக்குப் போடுகிறேன். நீ எடுக்கவில்லை. கடைசியில் பங்குக் கோயில் நம்பருக்குப் போட்டேன். ஆல்வின் சாமியார் எடுத்தார். சொன்னார்.

எனக்கு எழுத வரவில்லை. வர அனுமதி கேட்டேன், ரயில் இல்லை, இங்கே வார்டில் ஆளும் இல்லை. நீ சாப்பிடுகிறாயா என்று மட்டும் எழுது.

செல்வி

*

திண்டுக்கல்
14.7.2021

செல்விக்கு,

சாப்பிடுகிறேன். உயிரோடு இருக்கிறேன். வேறு என்ன சுகம் எழுத.

உன் பத்தொன்பதாம் தேதிக் கடிதம் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலு நாள் கழித்து வந்தது. என்னை ஆஸ்பத்திரி கேட் பக்கம் கூட விடவில்லை. ஏப்ரல் இருபத்தொன்பது, வியாழக்கிழமை, போய்விட்டார். முகத்தைக் காட்டவில்லை. மூட்டை கட்டிக் கொண்டுவந்தார்கள். கவச உடை மாட்டிய நாலு பேர் கயிற்றில் இறக்கினார்கள். ஊரில் யார் செத்தாலும் துக்க மணி அடித்தவர் அவர். அவருக்கு மணியடிக்க ஆள் இல்லை. தெருவில் பதினோரு பேருக்குக் காய்ச்சல், எனக்கும் வந்தது. பத்துப் பேர் எழுந்துவிட்டோம்.

நான் அழவில்லை. எனக்குக் கோபம். அந்த ஆல்வின் சாமியார் மேல் வருகிற கோபத்தில் ராத்திரி பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது. படித்தவர்தானே? சுற்றறிக்கை வந்தது என்று அவர்தானே சொன்னார்? தெரிந்தே ஏன் விட்டார்? முடியாது என்று கதவைச் சாத்தியிருந்தால் நாங்கள் என்ன, உடைத்தா உள்ளே போயிருப்போம்? என் தாலியை அறுத்தது அவர்தான். அடக்கத்தன்று தூரத்தில் நின்று ஜெபம் சொல்ல வந்தார். "ஏன்யா வந்த? கணக்கு முடிஞ்சுச்சான்னு பாக்க வந்தியா?" என்று கத்தினேன்.

ஆயருக்கு மனுக் கொடுத்திருக்கிறேன். அனுமதித்தது பங்குத்தந்தை, அதனால் ஒரு உயிர் போனது, அவர் இங்கே இருக்கக்கூடாது என்று. முன்னால் கையெழுத்துப் போட்ட எல்லாரும் இதிலும் போட்டிருக்கிறார்கள். அவரை அனுப்பிவிட்டுத்தான் நான் அந்தக் கோயிலுக்குள் காலை வைப்பேன்.

பிரிஸ்கில்லா

*

ஒடிசா
10.8.2021

அக்கா,

சுகம் விசாரிக்கவில்லை. நீ சுகமாக இல்லை, நானும் இல்லை.

போன அக்டோபரில் உன் முதல் கடிதம் வந்தபோது நான் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே நோயாளியாகப் படுத்திருந்தேன். என்னோடு ஒரே அறையில் கிடந்த சகோதரி தெக்லாவை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. தீர்த்தத் தொட்டி காய்ந்து கிடக்கிறது என்று நீ எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடத் தோன்றியது. அதைச் செய்யாமல், ஜன்னலைத் திறந்து வை என்று எழுதினேன். குளிர் என்று பொய் சொன்னேன். பேனாவைப் பிடிக்கத் தெம்பில்லை. இன்றுவரை எனக்கு எந்த வாசனையும் தெரியாது. நீ பயந்துவிடுவாய் என்று மறைத்தேன். நீ பயந்திருக்க வேண்டும். அது என் தப்பு, தினமும் அதை நினைக்கிறேன். அதனால் இனி உன்னிடம் எதையும் மறைக்கப்போவதில்லை.

சாமியார் சம்மதித்தது தப்பு. அவரை முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வைத்து மடக்கியது யார்? அந்தப் பேப்பரில் முதல் பெயர் யாருடையது? உன் புருஷனுடைய பெயர் ஏன் அதில் இல்லை? ஆயருக்குக் கொடுத்த மனுவில் இதையெல்லாம் எழுதினாயா?

மே மாதம் போனில் ஆல்வின் சாமியார் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "தப்பு என் மேல சிஸ்டர்." உன் பெயரை அவர் எடுக்கவே இல்லை. நீ அவர் பெயரைத் தவிர வேறு யார் பெயரையும் எடுக்கவில்லை.

செல்வி

*

திண்டுக்கல்
2.11.2021

செல்விக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு ஒட்டவைத்தேன். அதற்குள் செப்டம்பரில் ஆல்வின் சாமியாரை மாற்றிவிட்டார்கள்.

இன்று கல்லறைத் திருநாள். உன் அத்தான் குழியில் ஏற்றிவைக்க, பாதி எரிந்த திரிகளை அவர் எதில் போட்டு வைப்பார் என்று பரணில் தேடினேன். அவருடைய பழைய மில் பை கிடைத்தது. உள்ளே திரி இல்லை. வெள்ளைத் துணி. அவருடைய வேட்டிகளைச் சாண் சாணாகக் கிழித்து, துவைத்து, மடித்து வைத்தது. முந்நூறுக்கு மேல் இருக்கும்.

அதை நான் முன்னமே பார்த்திருக்கிறேன். வேறு என்னவோ ஏற்பாடு என்று உனக்கு எழுதினேனே, அது இதுதான். பெரிய வெள்ளியன்று காலையில் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினார். "ஆளுக்கு ஒண்ணு பிரிஸ்கி. ஒரு தடவ தொடச்சுட்டு பக்கெட்டுல போட்டுருவேன்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது கோயிலா, ஆஸ்பத்திரியா? ஆண்டவர் காலுக்குக் கந்தத் துணியா? பாக்குறவுக காறித் துப்புவாக." கையிலிருந்து பிடுங்கிப் பரணில் எறிந்துவிட்டு என் இஸ்திரித் துண்டைக் கொடுத்தேன். "சரி, விடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் ஊரையே திரட்டிச் சண்டை போட்ட அத்தனை மாதமும் அவர் உட்கார்ந்து வேட்டியைக் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பையை எடுத்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறி, ஆல்வின் சாமியாரை மாற்றியிருக்கிற மலைக் கிராமத்துக்குப் போனேன். கல்லறை மந்திரித்துவிட்டு வந்தவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். பையைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பரவாயில்லம்மா என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"ஒங்க மேல எனக்குக் கோவமே இல்லன்னு சொன்னா அது பொய்ம்மா. இருக்கு. ஆனா அதவிட என் மேலதான் ஜாஸ்தி. நான் கொரோனாவுக்குப் பயந்திருக்கணும். ஒங்களுக்குப் பயந்துட்டேன்" என்றார். டீ கூடக் கொடுக்காமல் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டுப் போனார்.

ஆயருக்கு இன்னொரு கடிதம் எழுதி, முத்தி கேட்ட முதல் மனுவின் நகலையும் வைத்து ஒட்டிவிட்டேன், நாளைக்கு இதோடு சேர்த்துத் தபாலில் போடுகிறேன். அந்தத் துணியை நான் எறிந்திருக்காவிட்டால் உன் அத்தான் இருந்திருப்பார். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அக்கா

*

ஒடிசா
5.12.2021

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பாதி நலம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

மறைக்க மாட்டேன் என்று சொன்னதால் எழுதுகிறேன். உனக்கு ஆறுதலாக இருக்காது. அந்தத் துணிகள் அத்தானைக் காப்பாற்றியிருக்காது. இந்த நோய் பெரும்பாலும் மூச்சில் வருகிறது. ஆளுக்கு ஒரு துணி என்று வைத்திருந்தாலும் முந்நூறு பேர் அவர் முன்னால் முகத்தைத் திறந்திருப்பார்கள். நீ துணியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய். தப்பு துணியில் இல்லை, முத்தியில் இருந்தது. அது அத்தானுக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்த வழியில் எல்லாரையும் காப்பாற்றப் பார்த்தார்.

எனக்கு உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. ஆனாலும் தினமும் உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறேன். இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. நன்றாகச் சாப்பிடு. தடுப்பூசி இரண்டும் போட்டாயா என்று எழுது.

தங்கை
செல்வி

*

திண்டுக்கல்
16.4.2022

அன்புத் தங்கச்சிக்கு,

உடம்பு சுகம். இரண்டு ஊசியும் போட்டுவிட்டேன். ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. ஆல்வின் சாமியார் மலையில்தான் இருக்கிறார்.

நேற்றுப் பெரிய வெள்ளி. கட்டுப்பாடு எல்லாம் எடுத்தாயிற்று, முத்தி உண்டு என்று புதுச் சாமியார் அறிவித்தார். போன வாரம் அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். ஆல்வின் சாமியாரை மடக்கின மனு என் கையால் எழுதினது, அவரைத் துரத்தின மனுவும் என் கையால் எழுதினது, இரண்டிலும் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள், இந்த வருஷமாவது தலை வணங்குவதோடு நிறுத்துவோம் என்று. செபாஸ்தியம்மாள் எழுந்து சொன்னது: "ஒம் புருசன் செத்தது ஒனக்கு. அதுக்கு எங்க முத்திய ஏன்டி கேக்குற? அன்னைக்கு நீதானே எங்க வீட்டுக் கதவத் தட்டி கையெழுத்து வாங்குன?" அன்றைக்கே தலைவி வேலையை விட்டுவிட்டேன்.

நேற்று வரிசையில் நின்றேன். சிலுவைப் பக்கத்தில் புதுக் கோயில்பிள்ளை, இருபத்தைந்து வயதுப் பையன், கையில் ஒரு வெள்ளைத் துண்டு. எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் முத்தி செய்தார்கள். என் முறை வந்தது. முட்டி போட்டேன். முகக்கவசத்தை இறக்கவில்லை. அந்தப் பையனுக்குக் கேட்கட்டும் என்று, "ஏலே அப்பு, செத்த தள்ளி நில்லு, மொகத்த மூடு" என்றேன். முறைத்தான். ஆனாலும் மூடினான்.

தலை வணங்கிவிட்டு எழுந்தேன். வருஷா வருஷம் அந்தக் காலில் கோபத்தை இறக்கி வைத்துவிட்டு மிதந்துகொண்டு வருகிறவள், நேற்று இறக்கவில்லை. நான் கழற்றிப் போட்ட கோபத்தை ஒவ்வொரு வருஷமும் பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டிருந்தது உன் அத்தான்தான். இனி அது என்னோடு வீட்டுக்கு வரட்டும் என்று திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். கனமாகத்தான் இருக்கிறது.

நிலக்கோட்டை மல்லிகை ஒரு முழம் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். வந்து சேருமுன் காய்ந்துவிடும். மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, வாசனை தெரிகிறதா இல்லையா, மாடி ஏற முடிகிறதா இல்லையா, எல்லாவற்றையும் உள்ளபடி எழுது. சுகம் என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் அக்கா
பிரிஸ்கில்லா